வராதது, பதிலுக்கு: செட்டிநாட்டில் எட்டு நாள்

முதல் நாள், புதன் இரவு, காரைக்குடி

பல்லவன் எக்ஸ்பிரஸை விட்டு இறங்கும்போது நல்ல மழை. கார்த்திகை பிறந்து சில நாள்தான் ஆகிறது. ஆட்டோவில் ஏறி லாட்ஜுக்கு வருவதற்குள் கோலாலம்பூரிலிருந்து போன் வந்துவிட்டது. கண்காட்சியில் எங்களுக்குப் பேசியிருந்த 600 சதுர அடி இடம் 300 ஆகிவிட்டதாம். மண்டபத்தில் பெரிய கூடத்தை வேறொரு நிகழ்ச்சிக்கும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அமைப்பாளர் வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அவர் வருத்தத்தால் சதுர அடி கூடாது.

புதிதாக வாசிப்பவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் பதினோரு வருடமாகக் கல்யாண ஏற்பாடு செய்கிறேன். ஊர் தேவகோட்டை. அப்பா பள்ளி ஆசிரியர். நாங்கள் நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார், இல்லை. ஆனால் அந்த வீட்டுக் கல்யாணங்களைப் பார்த்துத்தான் இந்தத் தொழில்மேல் எனக்கு ஆசை வந்தது. மார்கழிக் கடைசி சனி, ஞாயிறில் கோலாலம்பூரில் ஒரு கல்யாணக் கண்காட்சி நடக்கிறது. மார்கழியில் யாரும் முகூர்த்தம் வைக்க மாட்டார்கள். தைக்குப் புடவை எடுப்பதும், பத்திரிகை அடிப்பதும், சமையலுக்கு ஆள் பேசுவதும் அப்போதுதான். அங்கே ஒரு செட்டிநாட்டுக் கல்யாண வீட்டை முகப்பு, நடு முற்றமுள்ள வளவு, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு என்று மூன்று பகுதியாக எழுப்பிக் காட்டுவதாக ஒப்புக்கொண்டு, பொருளும் ஆளும் தேடி வந்திருக்கிறேன். கைவசம் ஏழு வாரம் இருக்கிறது. வீட்டில் பாதி இன்று இரவே போய்விட்டது.

இரண்டாம் நாள், வியாழன், கோட்டையூர்

ஆச்சி என் அம்மாவுக்கு நெடுநாள் சிநேகிதி. எண்பது வயது தாண்டியவர். ஒன்பது வாசல் தாண்டி ஓடுகிற நீளமான வீட்டில் அவரும் துணைக்கு ஒரு பெண்ணும் மட்டும் இருக்கிறார்கள். நான் போனபோது வளவின் நாலு மூலையிலும் அண்டா வைத்திருந்தது. ஓட்டுச் சரிவிலிருந்து விழுகிற தண்ணீர் அதில் நிறைந்துகொண்டிருந்தது.

"வாத்தா. நனைஞ்சுல்ல வந்துருக்கே, தலையைத் துவட்டு முதல்ல."

காபி குடித்துக்கொண்டே இடம் பாதியான கதையைச் சொன்னேன். ஆச்சி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, எதை விடப்போறே, எழுதுனியா?" என்றார்.

"மனசுல இருக்கு ஆச்சி."

"மனசுல இருக்கறது கணக்காகாதுத்தா."

எழுந்து உள்ளே போனவர் காலிகோ அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றை எடுத்துவந்தார். 1962 வைகாசியில் ஆச்சிக்குக் கல்யாணம். அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, எழுதிய கல்யாண நோட்டு அது. கல்யாணத்தன்று இரு வீட்டாரும் உட்கார்ந்து இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதிக்கொள்கிற சமூகம் இது. எழுத்தில் வராத எதையும் நடந்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அரிசி எத்தனை மூட்டை, வேவு என்கிற சீருக்கு யார் வீட்டிலிருந்து என்ன வந்தது, பந்தல் கம்பு எத்தனை, எல்லாம் நிதானமான கையெழுத்தில் இருந்தது. கடைசியில் நான்கு பக்கத்துக்கு நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் "வராதது" என்றும் வலப்பக்கம் "பதிலுக்கு" என்றும் தலைப்புப் போட்டிருந்தது.

பர்மா அரக்குப் பெட்டி 4, வரவில்லை. பதிலுக்கு: ஓலைக் கொட்டான் 8, மணி கோத்தது.

மங்குத் தட்டு 2 டஜன் சொன்னதில் 6 குறைவு. பதிலுக்கு: எவர்சில்வர் 6.

மேளம் இரண்டாம் செட் வரவில்லை. பதிலுக்கு: முதல் செட்டுக்கே கூடுதல், காலை மட்டும்.

அந்த வருஷம் மார்ச்சில்தான் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ரங்கூனிலிருந்து வரவேண்டிய பொருளும் பணமும் கடிதமும் அங்கங்கே நின்றுபோயின. பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்த ஒரு தகப்பனார் அந்த இரண்டு மாதத்தில் என்ன பாடு பட்டிருப்பார்! நோட்டில் ஒரு வரி புலம்பல் கிடையாது. இடப்பக்கம் ஒன்று எழுதினால் வலப்பக்கம் ஒன்று எழுதியிருக்கிறார், அதே மையில், அதே நாளில். மை மாறுகிற இடங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டு பக்கமும் சேர்ந்தே மாறுகிறது.

ஒரே ஒரு வரிக்குத்தான் வலப்பக்கம் காலி. "ரங்கூன் அம்மான், வரவில்லை." எதிரே ஒன்றும் இல்லை.

"எங்காத்தா கூடப்பிறந்தவுக," என்றார் ஆச்சி. "முறை செய்ய வேற ஒருத்தரை நிறுத்திறலாம்னு எல்லாரும் சொன்னாக. அப்பச்சி வேண்டாம்னுட்டாக. அவுக நிக்க வேண்டிய இடத்துல யாரும் நிக்கலை. ரெண்டு வருஷம் கழிச்சுக் கப்பல்ல ஒத்தத் தகரப் பெட்டியோட வந்து இறங்குனாக. இந்த வீட்டுக்குத்தான் முதல்ல வந்தாக."

மத்தியானம் சாப்பிட்டதும் ஆச்சி எனக்கு ஒரு புது நோட்டுக் கொடுத்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற கோடு போட்ட நோட்டு. நடுவில் கோடு கிழித்து முதல் வரி எழுதினேன். "முகப்பு, இரண்டாங்கட்டு: வராது. பதிலுக்கு: வளவு மட்டும், முழுதாக." எழுதிய கையோடு அமைப்பாளருக்குப் போன் செய்து, மூன்றையும் சுருக்கிப் பொம்மை வீடு கட்ட மாட்டேன், வளவு ஒன்றைத்தான் கட்டுவேன் என்று சொன்னேன். நேற்று இரவே சொல்லியிருக்க வேண்டியது. ராத்திரி முழுக்க மூன்று பகுதியையும் 300 சதுர அடிக்குள் அடைக்கப் பார்த்து வரைந்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள், வெள்ளி, ஆத்தங்குடி

வளவு என்றால் தரை வேண்டும். தரை என்றால் ஆத்தங்குடிக் கல்தான். எட்டு அங்குலச் சதுரக் கல் ஒன்று ஏறக்குறைய இரண்டு கிலோ. பத்துக்குப் பத்து அடித் தரைக்கு 225 கல் ஆகும், 450 கிலோ. கப்பலில் அனுப்பலாம் என்றுதான் முதலில் போட்டிருந்தோம். இடம் குறைந்த பிறகு கணக்கைத் திருத்தினேன். நடுவில் நாலுக்கு நாலு அடி போதும். 36 கல், 72 கிலோ. விமானத்திலேயே போகும். இடம் போனதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இது.

மேஸ்திரி முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலை செய்பவர். கொட்டகைக்குள் உட்கார்த்தி வைத்துச் செய்து காட்டினார். தரையில் ஒரு கண்ணாடித் துண்டு. அதைத் துடைத்து அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறச் சிமெண்டுக் கரைசலைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார். பிறகு அச்சை மூச்சுப் பிடித்து நேராகத் தூக்குகிறார். ஒரு நிறம் இன்னொன்றில் கலக்கவில்லை. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவுகிறார். அது ஈரத்தை இழுத்துக்கொண்டதும் கலவையைப் பூசி அழுத்தி ஒதுக்கி வைக்கிறார். மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, சில நாள் கழித்து எடுத்துக் காயவைத்தால் கண்ணாடி தானாக விட்டுவிடும். சூளையும் கிடையாது, மெருகு போடுகிற இயந்திரமும் கிடையாது. கல்லில் உள்ள பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. பிறகு நடந்து நடந்து, துடைத்துத் துடைத்து, வீட்டில் இருப்பவர்களின் காலும் கையும் ஏற்றுவது.

இதைப் பார்த்த அந்த நிமிடமே முடிவு செய்தேன். கல்லைக் கொண்டுபோனால் மட்டும் போதாது. இவர் கோலாலம்பூரில் வந்து ஊற்றிக் காட்ட வேண்டும். கல்யாணத்துக்கு வீடு தயாராவது எப்படி என்று அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

இங்கே இரண்டு தடங்கல். ஒன்று மழை. தூவுகிற மணல் உலர்ந்திருக்க வேண்டும், இந்த மண்ணே இந்தக் கல்லுக்கு உயிர். இரண்டு நாளில் காய்கிற கல்லுக்கு இப்போது நாலு நாள் ஆகிறது. "36-க்கு 50 ஊத்துறேன் தங்கச்சி. தேறுறதை எடுத்துக்கிருவோம்," என்றார். அதற்கு மேல் அதைப்பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இன்னொன்று அவருடைய பாஸ்போர்ட். சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போக எப்போதோ எடுத்தது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர் என்பதால் ஈ.சி.ஆர். முத்திரை, சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும் என்பதற்கான அடையாளம். வேலைக்காக அல்லாமல் வந்து போவதற்கு அது தடையில்லை. ஆனால் விமான நிலையத்தில் கேள்வி கூடுதலாக வரும், அழைப்புக் கடிதமும் திரும்பும் டிக்கெட்டும் கையில் இருக்க வேண்டும். இந்தியர்களுக்கு மலேசியாவில் 30 நாள் விசா தேவையில்லை என்பது 2023 டிசம்பரில் வந்த சலுகை. அது வந்து பார்த்துப் போகிறவர்களுக்கு. அங்கே உட்கார்ந்து தொழில் செய்து காட்டுவது எந்தக் கணக்கில் சேரும் என்று அமைப்பாளர் அந்த ஊர்க் குடிநுழைவுத் துறையில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும் என்று இன்றே எழுதிவிட்டேன். ஆளைக் கூட்டிக்கொண்டு போய்க் கவுண்டரில் நின்று விளக்குகிற வேலையை நான் செய்யமாட்டேன். தலைகுனிவு அவருக்குத்தான் வரும்.

இதெல்லாம் பேசி முடித்து பாஸ்போர்ட்டைத் திருப்பினால், ஏப்ரலில் முடிகிறது. உள்ளே நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். புதுப்பிக்க மதுரை போக வேண்டும், சிவகங்கை மாவட்டத்துக்கு மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம் அங்கேதான். தட்கலில் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் கிடைத்தது. நோட்டில் இடப்பக்கம் எழுதவில்லை. இன்னும் வராததாகவில்லை.

நான்காம் நாள், சனி, காரைக்குடி

முனீஸ்வரன் கோயில் தெரு. பழைய வீடுகள் இடிபடும்போது வெளியே வருகிற தூணும் கதவும் மங்கும் பித்தளையும் ரவிவர்மா படமும் குவிந்து கிடக்கிற தெரு. ஒரு ஊஞ்சல் பலகை பார்த்தேன். பர்மாத் தேக்கு, ஒரே பலகை, பித்தளைச் சங்கிலியில் யானையும் கிளியும். வளவின் ஓரத்தில் அதைத் தொங்கவிட்டு மணப்பெண்ணை உட்காரவைத்தால் வேறு அலங்காரமே தேவையில்லை. கடைக்காரர் வாடகைக்குக் கொடுக்கச் சம்மதித்தார். "நூறு வருஷத்துக்கு மேல பழசும்மா, சத்தியமாச் சொல்றேன்," என்றார்.

அந்த வார்த்தையில்தான் எல்லாம் நின்றது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்குக் குறையாத பழமை உள்ள கலைப்பொருளைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. திரும்பக் கொண்டுவருவோம் என்று சொன்னாலும் நம்முடைய அதிகாரத்தில் இல்லை. நூறு ஆகாதது என்றால், பார்வைக்குப் பழையதாக இருக்கிற எதற்கும் இந்தியத் தொல்லியல் துறையிடம் "இது தொல்பொருள் அல்ல" என்று சான்று வாங்கிக்கொள்வது நல்லது. இல்லையென்றால் சுங்கத்தில் பெட்டியைத் திறந்ததும் நிறுத்திவிடுவார்கள்.

எனக்கு இதில் வருத்தமும் இருக்கிறது, சம்மதமும் இருக்கிறது. அந்தத் தெருவில் நிற்கும்போது ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் ஒரு வீடு இல்லாமல் போயிருக்கிறது என்பது தெரிகிறது. பாகம் பிரிக்க முடியாமல், ஓடு மாற்றக் காசில்லாமல், இருபது பங்காளிகளில் ஒருவர் கையெழுத்துக் கிடைக்காமல் விழுந்த வீடுகள். மிஞ்சியதாவது இந்த நாட்டுக்குள் இருக்கட்டும் என்று ஒரு சட்டம் சொல்கிறது. அதை மீறி ஊஞ்சலில் ஒரு மணப்பெண்ணை உட்காரவைத்துப் படம் எடுக்க எனக்கு மனம் இல்லை.

கடைக்காரரிடம் விவரம் சொன்னேன். தன் பொருளைக் குறைத்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டார். பக்கத்திலேயே ஆசாரி ஒருவரைக் காட்டினார். புதுத் தேக்கில், பழைய அளவில், புதுச் சங்கிலியோடு பதினெட்டு நாளில் முடித்துத் தருகிறாராம். ரசீது புதிது, மரம் புதிது, ஒரு கேள்வியும் வராது. மங்குச் சாமானுக்கு ஆச்சியிடம் கேட்கலாம். 1962 கல்யாணத்துச் சாமான், அடியில் வீட்டு விலாசம் பொறித்தது, வயதுக்கு நோட்டே சாட்சி. அதற்கும் சான்று வாங்கிவிடுவேன்.

நோட்டில்: பழைய ஊஞ்சல் வராது. பதிலுக்கு: புது ஊஞ்சல், ஆசாரி, 18 நாள்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

நாள் முழுவதும் மழை, பாதி நாள் கரண்ட் இல்லை. பலகாரத்துக்கு மட்டும் முடிவு எடுத்தோம். கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் இங்கிருந்து போகாது. கோலாலம்பூரிலேயே கை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், சூடாகப் போடட்டும். மணகோலம், சீப்புச் சீடை, தேன்குழல் மட்டும் இங்கிருந்து. கொட்டானில் எட்டு பூஞ்சை பிடித்துவிட்டது, ஓலை காயாமல் அடுக்கியதால். மாற்றித் தருகிறார்கள்.

ஆறாம் நாள், திங்கள், காரைக்குடி

நெசவாளர் வீட்டில் குழித்தறி. குழிக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஊறியிருந்தது. தறியில் பாதிக் கண்டாங்கி நிற்கிறது, கடுகு மஞ்சளில் அரக்குக் கட்டம், இரண்டு பக்கமும் கை அகலத்துக்குக் கரை. கால் மிதிக்க முடியாமல் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறார். அடுத்த பாவுக்குக் கஞ்சி போட்டுத் தெருவில் நீட்டிக் காயவைக்கவும் வழியில்லை. 2019-ல் இந்தப் புடவைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வந்த பிறகு பெயர் போட்டு விசைத்தறிப் புடவை விற்பது நின்றுவிடவில்லை என்று அவர் மனைவி சொன்னார். கைத்தறிக் கண்டாங்கியைக் கையில் வாங்கினால் கனம் தெரியும். அந்தக் காலத்தில் ஆச்சிமார் வீட்டு வேலைக்கும் விசேஷத்துக்கும் அதையே கட்டினார்கள். துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும், கிழியாது.

நாற்பது புடவை சொல்லியிருந்தேன். இந்த மழையில் இருபத்தெட்டு வரும் என்கிறார். அதை ஏற்றுக்கொண்டேன். அவசரப்படுத்தினால் கரை இழுக்கும்.

அடுத்தது நான் கொண்டுவந்த கெட்ட செய்தி. காலையில் சரக்கு அனுப்பும் முகவரோடு ஒரு மணி நேரம் பேசினேன். கண்காட்சிப் பொருளை எல்லாம் ஏ.டி.ஏ. கார்னெட்டில் அனுப்புவதாக இருந்தேன். பொருள்களுக்கான பாஸ்போர்ட் என்று அதைச் சொல்வார்கள். நம் நாட்டில் ஃபிக்கி என்ற வர்த்தகக் கூட்டமைப்பு கொடுக்கிறது, ஒரு வருடம் செல்லும். இந்தியாவும் மலேசியாவும் அந்த ஏற்பாட்டில் இருப்பதால் அங்கே இறக்குமதி வரி கட்டாமல் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவரலாம். திருப்பிக் கொண்டுவரலாம் என்பதைத்தான் நான் சரியாகப் படிக்கவில்லை. கார்னெட்டில் போன புடவை ஒன்றுகூட அங்கே விற்கக் கூடாது. தின்றுபோகிற பலகாரமும் கொடுத்துவிடுகிற நோட்டீஸும் அதில் சேராது. பட்டியல் ஒருமுறை முத்திரையாகிவிட்டால் ஒரு பொருளைக்கூடப் பிறகு சேர்க்க முடியாது. போகும்போது நம் சுங்கத்தில் முத்திரை வாங்க மறந்தால் திரும்பும்போது வில்லங்கம்.

நெசவாளர் எதிர்பார்த்தது விற்பனையை. நான் அவருக்குச் சொல்லியிருந்ததும் அதுதான். தறியருகில் உட்கார்ந்து முழுதாக விளக்கினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நாடாவைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "காட்டிட்டுத் திருப்பிக் கொண்டாந்தா அந்தப் புடவையை நான் யார்கிட்ட விக்கிறது, அக்கா? மடிப்பு விழுந்துருமே," என்றார்.

நியாயமான கேள்வி. நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு இது: ஆறு புடவை மட்டும் கார்னெட்டில், அதை நானே இப்போது விலைக்கு வாங்கிக்கொள்கிறேன், திரும்பி வந்தால் என் கல்யாணங்களுக்கு ஆகும். இருபத்திரண்டு தனிப் பட்டியலில், வணிகச் சரக்காக, அங்கே வரி கட்டி விற்பதற்கு. அந்த வரியை அமைப்பாளரும் நானும் பாதிப் பாதி ஏற்கிறோம், நெசவாளர் விலையில் கை வைக்கவில்லை. பாதிப் பணம் இன்றே கொடுத்துவிட்டேன். என் லாபம் இந்தக் கண்காட்சியில் எங்கே இருக்கிறது என்று என் கணக்குப்பிள்ளை கேட்பார். அவருக்குத் தனியாகப் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

தச்சர் செய்து வைத்திருந்த மாம்பலகைப் பெட்டியும் இன்று கழிந்தது. சரக்கு அடைக்கிற பச்சை மரப் பலகைக்குள் புழுப்பூச்சி போய்விடக் கூடாது என்று ஒரு சர்வதேச விதி இருக்கிறது. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரிச் சூட்டில் 30 நிமிடம் வைத்து, கோதுமைக் கதிர் முத்திரை குத்தியிருக்க வேண்டும். அந்த வசதி இங்கே பக்கத்தில் இல்லை. பிளைவுட்டுக்கு அந்த விதி கிடையாது. பதிலுக்கு: பிளைவுட் பெட்டி 5.

ஏழாம் நாள், செவ்வாய், கோட்டையூர்

மதுரைக்கு மேஸ்திரி காலை பஸ்ஸில் போயிருக்கிறார். நான் கழுத்திருவைப் பற்றிப் பேச ஆச்சியிடம் வந்தேன்.

நகரத்தார் கல்யாணத்தைக் காட்டுவதென்றால் கழுத்திரு இல்லாமல் எப்படி? ஏத்தனம், உரு, சரிமணி, கடைமணி, குச்சி, தும்பு என்று முப்பதுக்கும் மேற்பட்ட பொன் உருப்படிகளை மஞ்சள் கயிற்றில் கோத்து, திருப்பூட்டும்போது கட்டுகிற தாலி அது. நகை வியாபாரி ஒருவர் முலாம் பூசிய மாதிரி ஒன்றைச் செய்து தருவதாகச் சொல்லியிருந்தார். பெண் பொம்மைக்குப் பட்டுக் கட்டி, அதன் கழுத்தில் போட்டு நடுவில் நிறுத்துவது என் திட்டம். எல்லாரும் முதலில் வந்து நிற்கிற இடம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஆச்சி வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். கோபப்படவில்லை.

"கழுத்திரு கோக்குறதுக்கே நாள் பாக்கணும்த்தா. பங்காளிக எல்லாம் வந்து இருக்கணும். பொம்மை கழுத்துல போட்டுட்டு, சாயந்தரம் கழட்டிப் பெட்டில வைப்பியா?"

கழட்டி என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில் எனக்கு வேர்த்துவிட்டது. தாலி விஷயத்தில் எந்த வீட்டிலும் வாயில் வராத சொல் அது. எனக்கு அது தோன்றவேயில்லை. பதினோரு வருடமாகக் கல்யாணம் நடத்துகிறேன், அலங்காரமாகப் பார்த்துப் பார்த்து இதைத் தவறவிட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். "தெரியாமக் கேட்டே, விடு," என்றார்.

பதிலுக்கு என்ன என்று அவரே யோசித்தார். அவர் கல்யாணப் போட்டோ ஒன்று பட்டாலையில் மாட்டியிருக்கிறது. பதினெட்டு வயது ஆச்சி, கழுத்துக் கொள்ளாமல் கழுத்திரு, பயந்த கண். அதைப் பெரிதாக எடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார். ஒவ்வொரு உருப்படிக்கும் பெயர் சொல்லி, நான் செல்போனில் பதிவுசெய்ய, இருபது நிமிடம் பேசினார். வளவு நடுவில் பொம்மை நிற்க இருந்த இடத்தில் நடுவீட்டுக் கோலம். அதைப் போடக் கோலாலம்பூரிலேயே ஒரு ஆச்சி இருக்கிறார், இவருக்கு ஒன்றுவிட்ட உறவு. போன் போட்டுக் கொடுத்தார். அந்த ஆச்சி முதலில் கேட்டது, "பச்சரிசி மாவு அரைக்க அம்மி இருக்குமா, மிக்ஸியா?" என்று.

ராத்திரி எட்டு மணி வரை மதுரையிலிருந்து போன் இல்லை.

எட்டாம் நாள், புதன், ஆத்தங்குடி

மேஸ்திரி நேற்று நள்ளிரவில்தான் வீடு வந்திருக்கிறார். பழைய பாஸ்போர்ட்டில் ஒரு பிறந்த தேதி, ஆதாரில் வேறொன்று. யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்தது. ஆறாவதோடு பள்ளிக்கூடம் விட்டவர், எந்தத் தாளிலும் அவர் எழுதிய தேதி இல்லை. சரியான பிறப்புச் சான்று வாங்கித் திருத்தினால்தான் புதுப் பாஸ்போர்ட். அலுவலகத்தில் மரியாதையாகத்தான் விளக்கியிருக்கிறார்கள். ஏழு வாரத்தில் ஒரு வாரம் போய்விட்டது. மீதிக்குள் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். வெளியே டீக்கடையில் ஒருவர் மூவாயிரம் கொடுத்தால் சான்று இரண்டு நாளில் என்றாராம்.

"பொய்த் தேதி போட்டு வெளிநாடு போக வேண்டாம் தங்கச்சி. புள்ளைக்குக் காலேஜ்ல கேப்பாக, பேங்க்ல கேப்பாக. எல்லாத்துலயும் அந்தப் பொய்யே தொடரும். நான் நேர் வழியிலயே எடுத்துக்கிறேன், எப்ப வருதோ அப்ப."

சரி என்றேன். வேறு எதைச் சொல்வது?

அமைப்பாளருக்குச் சொன்னதும் அவர் உடனே ஒரு வழி வைத்திருந்தார். கோலாலம்பூரில் வேட்டி கட்டிக்கொண்டு உட்கார ஒரு பையன் கிடைப்பான், அச்சையும் கண்ணாடியையும் அனுப்பினால் அவனுக்குச் சொல்லிக்கொடுத்து ஊற்ற வைக்கலாம், வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார், கூட்டம் அந்த இடத்தில்தான் கூடும் என்று அவருக்கும் தெரியும். இந்த ஒரு வாரத்தில் அவர் சொன்ன எல்லா மாற்றத்துக்கும் ஒத்துப்போனேன். இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கல் தரையில் இருக்கும், செய்தவர் பெயரும் ஊரும் பக்கத்தில் எழுதியிருக்கும், ஊற்றிக் காட்டுகிற இடம் வெறுமையாக இருக்கும். ஏன் வெறுமை என்று கேட்பவர்களுக்கு நானே நின்று சொல்வேன்.

மேஸ்திரி தொட்டியிலிருந்து முதல் வரிசைக் கல்லை எடுத்துக் காட்டினார். பதினாலில் பதினொன்று தேறியிருக்கிறது. கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார். நாலு கல் சேர்ந்தால்தான் ஒரு பூ முழுதாகும், ஒரு கல்லைத் திருப்பி வைத்தாலும் கொடி அறுந்துவிடும். ஒவ்வொரு கல்லின் முதுகிலும் பென்சிலால் அம்புக்குறி போட்டு அனுப்புகிறாராம், 36-லும். "அம்பு எல்லாம் வாசலைப் பாக்கணும். பதிக்கிறவுககிட்ட நீங்களே நின்னு சொல்லணும்."

நோட்டில் எழுதிவிட்டேன். ஆத்தங்குடி மேஸ்திரி, வரவில்லை. வலப்பக்கம் எழுதவில்லை.

நாளை விடியற்காலை பல்லவன். படுப்பதற்கு முன் தச்சருக்குப் போன் செய்ய வேண்டும். கல் பெட்டிக்குள் இடைவெளிக்கு வைக்கோல் திணிக்க வேண்டாம், அதுவும் தாவரப் பொருள், சுங்கத்தில் நிற்கும். அட்டை போதும். கல்லை நிறுத்தித்தான் அடுக்க வேண்டும், படுக்கவைக்கக் கூடாது.